அடுத்த ஆள் வந்ததும்

சேலம்
22.1.2025

அன்புள்ள வசந்தாமணி அம்மாவுக்கு,

இலக்கியா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் மாடி வீட்டில் இரண்டு வருடம் குடியிருந்தேனே, கோழித்தீவன லேபில் வேலை பார்த்த இலக்கியா. இத்தனை நாள் உங்கள் தலைக்கு மேலே நடந்துகொண்டிருந்தவள் இப்போது உங்களுக்கு விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டுகிறேன். எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பேத்தி யுவஸ்ரீ இப்போதாவது ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

நான் நலம். இங்கே பால் பரிசோதனைக் கூடத்தில் வேலை. விடியும் முன்பே முதல் பால் வண்டி வந்துவிடும். பெண்கள் விடுதியில் ஓர் அறைக்கு நான்கு பேர். ஜன்னல் இருக்கிறது, ஆனால் அடுத்த கட்டடத்துச் சுவரைப் பார்த்துத்தான் திறக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பர் எட்டாம் தேதி சாவியைக் கொடுத்தபோது, அட்வான்ஸைக் கேட்க வாய் வராமல் நின்றுகொண்டிருந்தேன். நீங்களே, "தை பொறக்கட்டும் சாமி, உம் பணம் எங்க போயிரப் போகுது" என்றீர்கள். தை பிறந்து ஒரு வாரம் ஆகிவிட்டது.

பதினோரு முறை போன் செய்தேன். பதினோரு முறையும் உங்கள் மகன் சபரிநாதன் அண்ணன்தான் எடுத்தார். "அம்மா கோயிலுக்குப் போயிருக்குதுங்க" என்றார். ஒரு தடவை பின்னால் உங்கள் இருமல் கேட்டது. நான் "சரிங்கண்ணா" என்று சொல்லி வைத்துவிட்டேன். எனக்குப் போனில் பேச வராது அம்மா. எதிரில் இருப்பவர் கொஞ்சம் குரலை உயர்த்தினால் 'சரி' என்பது மட்டும்தான் வாயில் வரும். எழுதினால் நினைத்ததை எழுதி முடித்துவிடுவேன். உங்கள் தெருவுக்குத் தபால்காரர் பகல் பதினொரு மணிக்கு வருவார், அந்த நேரம் வீட்டில் நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு தர மாட்டோம் என்று நாலு வீட்டில் சொன்னார்கள். நீங்கள் தந்தீர்கள். அதனாலேயே கேட்கச் சங்கடமாக இருக்கிறது, ஆனால் கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. நாற்பதாயிரம் ரூபாய். கீழே என் வங்கிக் கணக்கு எண் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு, பணிவுடன்
கா. இலக்கியா


நாமக்கல்
31.1.2025

அன்புள்ள இலக்கியாவுக்கு,

வசந்தாமணி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. நரசிம்மர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சௌக்கியம். நான் கடைசியாகக் கடிதம் எழுதியது என் கல்யாணத்துக்கு அப்புறம் என் அண்ணனுக்கு. பேனா தேடுவதற்கே அரை நாள் ஆகிவிட்டது. இந்தத் தாள் யுவஸ்ரீயின் கணக்கு நோட்டில் கிழித்தது. கட்டம் போட்டிருக்கிறது, பொறுத்துக்கொள்.

உன் மேல் எனக்கும் வருத்தம் உண்டு கண்ணு. நீ காலி செய்த நாளைப் பார். கார்த்திகைக் கடைசி. மார்கழியில் எந்த வீட்டிலாவது புதுக் குடித்தனம் வந்து பால் காய்ச்சுவார்களா? ஐப்பசியிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கார்த்திகைக்குள் ஆள் பார்த்திருப்பேன். ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடந்தது. மார்கழியில் பூட்டின வீட்டைத் தையில் வந்து பார்க்கிறவர்கள் "ஏனுங்க இத்தன நாளா யாரும் வரல?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். படித்த பிள்ளைக்கு இது தெரியாதா?

சபரி மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தான். சுவரில் ஐந்து ஆணி அடித்திருக்கிறாயாம். சமையல்கட்டுக் குழாய் சொட்டுகிறது. அடுப்புப் பக்கம் சுவர் கறுத்திருக்கிறது. வெள்ளையடிக்கவே எட்டாயிரம் ஆகும் என்கிறான்.

அடுத்தவர் காசில் சாப்பிடுகிற குடும்பம் இல்லை எங்களுடையது. அடுத்த ஆள் வந்ததும் உன் பணம் உன் கையில் இருக்கும். அதுவரை பொறு.

இருமல் கேட்டது என்று எழுதியிருந்தாய். கேட்டிருக்கும்.

இப்படிக்கு
சி. வசந்தாமணி


சேலம்
7.2.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

கட்டம் போட்ட தாள் வந்து சேர்ந்தது. உங்கள் கையெழுத்து இத்தனை அழகாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

மார்கழி விஷயத்தில் தப்பு என்னுடையதுதான். எங்கள் வீட்டில் யாரும் வாடகைக்கு இருந்ததில்லை. ஆத்தூர் பக்கம் ஊரில் எங்களுக்கு ஓர் ஓட்டு வீடு, அதிலேயே பிறந்து அதிலேயே வளர்ந்தோம். எந்த மாதம் காலி செய்யலாம், எந்த மாதம் கூடாது என்று சொல்லித்தர அம்மாவுக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. ஒன்பதாம் தேதி வேலையில் சேரச் சொன்னார்கள், எட்டாம் தேதி கிளம்பிவிட்டேன். மார்கழி மாத வாடகை நாலாயிரத்தை நீங்கள் பிடித்துக்கொண்டால் நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஆணிகள் ஐந்தும் என்னுடையவை அல்ல. மூன்று முன்பே இருந்தன. குடிவந்த அன்றே எல்லாச் சுவர்களையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். சண்டை போடத் தெரியாதவர்கள் இப்படித்தான் முன்கூட்டியே பயந்து எதையாவது செய்து வைப்பார்கள். குழாய் சொட்டுவதை நான் மூன்று தடவை சொன்னேன். அண்ணன் ஆள் அனுப்புகிறேன் என்றார். அடுப்புப் பக்கம் கறுத்தது என்னால்தான்.

இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று நான் உங்களிடம் சொன்னதில்லை. என் அப்பா காளியப்பன் மரவள்ளிக் கிழங்கு பிடுங்குகிற வேலைக்குப் போகிறவர். எனக்கு வீடு பார்த்தபோது, பொன்னன் என்ற மேஸ்திரியிடம் நாற்பதாயிரம் முன்பணம் வாங்கினார். இந்த முன்பணத்தில் ஒரு முறை உண்டு. அது கூலியில் கழியாது. முழுப் பணத்தையும் திருப்பித் தரும்வரை மேஸ்திரி கூப்பிடும் வேலைக்குத்தான் போக வேண்டும், மேஸ்திரி சொல்வதுதான் கூலி. வெளியில் எழுநூறு கிடைக்கிற வேலைக்கு அப்பா இரண்டு வருடமாக ஐந்நூறு வாங்குகிறார். கிழங்கு இல்லாத மாதங்களில் பொன்னன் எங்கே அனுப்புகிறாரோ அங்கே போகிறார். நான் காலி செய்ததும் விடுபட்டுவிடலாம் என்று சொல்லியிருந்தேன்.

பொங்கலுக்குப் போனபோது, "வந்துருச்சா பாப்பா?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். இன்னும் இல்லை என்றேன். அதற்கப்புறம் கேட்கவில்லை. கேட்டாலாவது பரவாயில்லை.

இப்படிக்கு
இலக்கியா


நாமக்கல்
16.2.2025

அன்புள்ள கண்ணு இலக்கியாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். உன் அப்பா விஷயம் எனக்குத் தெரியாது. அட்வான்ஸ் கொடுக்க வந்த அன்றைக்கு மேல்துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றவர்தானே? எண்ணிக்கூடப் பார்க்காமல் கொடுத்தார். வீட்டில் எண்ணிவிட்டுத்தான் வந்திருப்பார்.

உனக்கு விவரம் தெரியாததால் சொல்கிறேன். அட்வான்ஸ் பணத்தை எந்த வீட்டுக்காரரும் பீரோவில் வைத்துப் பூட்டுவதில்லை. உனக்கு முன்னால் மாடியில் ஒரு டீச்சர் இருந்தாளே, அவளுக்குக் கொடுக்க வேண்டியதை உன் அப்பா கொடுத்த பணத்தில்தான் கொடுத்தேன். அந்த டீச்சர் கொடுத்தது அதற்கு முன்னால் இருந்த நர்ஸுக்குப் போனது. முதன்முதலில் வந்த பணத்தில் மாடிக்குப் படிக்கட்டு கட்டினோம். இந்தத் தெரு முழுக்க இப்படித்தான் நடக்கிறது.

அதனால் ஒரு வழி சொல்கிறேன், கேள். உன் பழைய லேபில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் யாராவது வீடு தேடுவார்கள். ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வா. இப்போதைய நிலவரத்துக்கு ஐம்பது கேட்கலாம். அவள் எண்ணி வைக்கிற அன்றைக்கே நாற்பதை உன்னிடம் கொடுத்துவிடுகிறேன். ஆணிக்கும் குழாய்க்கும் ஒரு ரூபாய் பிடிக்க மாட்டேன். மாசிக்குள் முடித்துவிடு. பங்குனி வந்துவிட்டால் அப்புறம் சித்திரைதான்.

ஒருவேளை நேரம் கிடைத்து வந்தால் சாப்பிட்டுவிட்டுப் போகிற மாதிரி வா.

இப்படிக்கு
வசந்தாமணி


சேலம்
5.3.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போட்ட சாப்பாட்டுக்கு நன்றி. கொள்ளுப் பருப்பின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. அதைச் சாப்பிட்டுவிட்டு இதை எழுதுவது நன்றாகவா இருக்கிறது என்று கேட்பீர்கள். எழுதாமல் இருந்தால் இன்னும் நன்றாக இருக்காது.

சத்யபிரியா உங்கள் வீட்டுக்கு வர மாட்டாள். நான்தான் வர வேண்டாம் என்றேன்.

லேபில் என் இடத்தில் சேர்ந்த பெண் அவள். எருமப்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறாள், மாலை ஷிப்ட் முடிந்தால் பஸ் கிடைப்பதில்லை. வீடு வேண்டும் என்று அவளே என்னைக் கேட்டாள். நான் தேடிப் போய் இழுத்து வரவில்லை. அதுவரை என் மனசு சரியாகத்தான் இருந்தது.

அன்று மூவரும் வீடு பார்க்க வந்தபோது, நீங்கள் ஐம்பது என்றதும் அவள் அம்மா, "அம்பதுங்களா? ஒரு பத்தாச்சும் கொறச்சுச் சொல்லுங்க" என்றார். நீங்கள் என்னைக் காட்டி, "இந்தப் புள்ள ரெண்டு வருசம் இருந்தா, கேட்டுப் பாருங்க, ஒரு நாள் மொகஞ்சுழிச்சிருப்பனா?" என்றீர்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சிரித்தேன். நீங்கள் சொன்னது உண்மைதான்.

திரும்பி வரும்போது படிக்கட்டில் அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏஞ்சாமி, காலி பண்ணும்போது பணத்த ஒழுங்காக் குடுத்துட்டாங்களா? காதுத் தோட்ட அடகு வெச்சுத்தான் கட்டோணும், அதான் கேக்கறேன்."

"நல்லவங்கதாங்க" என்றேன்.

அவர் கேட்டது அது இல்லை அம்மா. நான் பதிலை மாற்றிச் சொன்னது அவருக்குப் புரிந்திருக்காது. "அப்பச் சரி சாமி" என்று காதைத் தொட்டுக்கொண்டு மற்ற படிகளை இறங்கினார். நாமக்கல் பஸ் நிலையத்தில் எனக்கு ஒரு இளநீர் வாங்கிக் கொடுத்தார். வேண்டாம் என்றாலும் விடவில்லை.

ராசிபுரம் வருவதற்குள் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. அந்தத் தோடு பொன்னனிடம் போகும். என் அப்பா விடுபடுவார். அந்த இடத்தில் சத்யபிரியாவின் அம்மா நிற்பார். அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ அவள் காலி செய்யும்போது இன்னொரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து உங்கள் மோரைக் குடித்துவிட்டு, "நல்லவங்கதாங்க" என்று சொல்வாள்.

மறுநாள் அவளுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். "ஓகேக்கா, தேங்ஸ்" என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

உங்கள் மேல் கோபத்தில் செய்யவில்லை. என் பணம் இப்போதைக்கு வராது என்று தெரிந்துதான் செய்தேன். ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புரியவில்லை. இரண்டு வருடம் நான் கொடுத்த வாடகையே தொண்ணூறாயிரத்துக்கு மேல். அதில் கொஞ்சம்கூடவா உங்கள் கையில் இல்லை?

இப்படிக்கு
இலக்கியா


நாமக்கல்
12.3.2025

இலக்கியாவுக்கு,

வந்த ஆளை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாய். என் வீட்டில் சாப்பிட்டுவிட்டு என் வீட்டைப் பற்றி ஊருக்கெல்லாம் எழுதியிருக்கிறாய். நானாகச் சொன்ன வழியை நீயே அடைத்துவிட்டாய், இனி என்னைக் கேட்டு என்ன பயன்?

என் கையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று கேட்க நீ யார்?

இனிமேல் தபால் போடாதே. போன கடிதத்தைச் சபரி பார்த்துவிட்டான்.

வசந்தாமணி


நாமக்கல்
20.4.2025

அன்புள்ள இலக்கியாவுக்கு,

வசந்தாமணி எழுதுவது. போடாதே என்று சொன்னதால் நீ போடவில்லை. சொன்னால் கேட்கிற பிள்ளை. தபால்காரர் மட்டும் இரண்டு தடவை, "சேலத்து லெட்டர் வரதில்லீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டார்.

நீ யார் என்று கேட்டேன். கேட்டது தப்பு. உனக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவள் நான்.

மாடியும் கீழேயும் என் பெயரில் இருக்கிற வீடு. என் அப்பா எனக்கு எழுதிக் கொடுத்தது. சபரி போர் போடுகிற ரிக் வண்டி வாங்கினபோது, வாடகைப் பணம் தன் போனுக்கு வரட்டும், தவணை கட்ட வசதியாக இருக்கும் என்றான். சரி என்றேன். வண்டி வடக்கே போய் ஒன்றரை வருடம் போர் போட்டது. அப்புறம் எஞ்சின் போய்த் திருச்செங்கோட்டுப் பட்டறையில் நிற்கிறது. தவணை மட்டும் நிற்கவில்லை. என் வீட்டு வாடகையை நான் கண்ணால் பார்த்து மூன்று வருடம் ஆகிறது. நீ மாதாமாதம் அனுப்பினாய் என்பதே "மேல குடுத்துட்டாங்க" என்று அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஊருக்கு வீட்டுக்காரி, மருந்துக்கு மகனிடம் கை நீட்டுகிறவள். இதை உனக்கு எழுதக் கூசியதால்தான் ஆணியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பங்குனி முழுக்க உன் கடிதம் அரிசிப் பானைக்குள் இருந்தது. அளக்கப் போகும்போதெல்லாம் கையில் தட்டியது. வருடப் பிறப்பு அன்றைக்குச் சபரியிடம் சொன்னேன். "எம்பேர்ல இருக்கற ஊட்டு வாடகை இனி எங்கைக்கு வரோணும்."

"இப்ப உனக்கெதுக்கும்மா காசு? வேளைக்குச் சோறு வரலியா?"

"சோறு வருதுடா. அரிசிப் பானையில கை விட்டா அந்தப் புள்ளையோட லெட்டரும் வருது."

"அந்தக் கெழங்குக்காரன் புள்ளைக்காக எங்கிட்ட மல்லுக்கு நிக்கறயா?"

"நாம வாங்கித் தின்னது அந்தக் கெழங்குக்காரன் காசுடா. இல்லீன்னு சொல்லு பாக்கலாம்."

தட்டைத் தள்ளிவிட்டுப் போய்விட்டான். இன்றோடு ஆறு நாள், பேச்சு இல்லை. வண்டியை இரும்பு விலைக்காவது கொடுத்துவிடலாம் என்று மருமகளிடம் சொன்னானாம். சொல்லட்டும், பார்க்கலாம்.

மறுநாளே பஸ் ஏறி எருமப்பட்டிக்குப் போனேன். விசாரித்து, சத்யபிரியா வீட்டைக் கண்டுபிடித்தேன். வீட்டுக்காரி ஒருத்தி குடித்தனக்காரர் வீடு தேடிப் போவது என் வயதுக்கு இதுதான் முதல் தடவை. அட்வான்ஸ் ஒரு பைசா வேண்டாம், வாடகை மட்டும் கொடுத்தால் போதும் என்றேன். அவள் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அட்வான்ஸ் வேண்டாங்கறீங்களே, அப்படி ஊட்ல என்னங்க கொறை? யாராச்சும் தூக்குக் கீக்கு மாட்டிக்கிட்டாங்களா?"

"அட ஆண்டவனே, அப்படியெல்லாம் ஒன்னுமில்லீங்க."

"அப்பறம் எதுக்குங்க சும்மா தரீங்க? அம்பதாயிரம் கேட்டப்பக்கூட நான் பயப்படல. இப்பத்தாங்க பயமா இருக்குது."

எனக்கு வேறு வழியில்லை கண்ணு. எல்லாவற்றையும் சொன்னேன். உனக்குக் கொடுக்க வேண்டிய பணம், வண்டி, போன், எல்லாம். என் கூடப் பிறந்த அண்ணனிடம்கூடச் சொல்லாததை, எருமப்பட்டியில் முன்பின் பழகாதவளிடம் சொல்லி முடித்தேன். அவள் எழுந்து போய் டீ வைத்துக்கொண்டு வந்து, "இத மொதல்லயே சொல்லியிருந்தா அன்னிக்கே பால் காச்சியிருப்பனுங்க" என்றாள். இதைச் சொல்வதற்குத்தான் நான் இத்தனை மாதம் பயந்துகொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை சத்யபிரியா பால் காய்ச்சினாள். குழாய்க்கு ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனான். அவளுடைய வாடகை நாலாயிரம் மே மாதத்திலிருந்து நேராக உன் கணக்குக்கு வரும். மார்கழிக்கு எதுவும் பிடிக்கவில்லை. பத்து மாதம் வரும். உன் அப்பாவுக்கு ஒரே தடவையில் கொடுக்க முடியாததற்கு நான் என்ன சொல்வது? என்னால் முடிந்தது இதுதான். அது முடிந்த பிறகு வருவது என் கைக்கு வரும்.

பத்திரமாக இரு. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அன்புள்ள
வசந்தாமணி


ஆத்தூர்
18.5.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

இரண்டு நாள் லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஐந்தாம் தேதி நாலாயிரம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு நானும் அப்பாவும் பொன்னனிடம் போனோம். "மொத்தமாக் குடுத்தாத்தான் கணக்கு" என்றார். அப்பா திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டார். நான் நகராமல் நின்று சொன்னேன். "மாசம் நாலாயிரம் தருவோமுங்க. அதுக்கு வாரத்துல ஒரு நாளாச்சும் அப்பாவ வெளி வேலைக்கு விடோணும். முடியாதுன்னா பணத்தச் சேத்து வெச்சுக் கடைசீலதான் தருவோம்." பொன்னன் என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்து, "உம் புள்ள வாயே தொறக்காதுன்னு சொன்னே" என்றார். பிறகு என் கையிலிருந்த நோட்டுகளைப் பார்த்துவிட்டு, வாரம் ஒரு நாள் என்று ஒப்புக்கொண்டார். பணம் ஏற ஏற நாளும் ஏற வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன்.

நேற்று அந்த முதல் நாள். பக்கத்து ஊரில் ஒரு கிணறு தூர் வாருகிறார்கள். அப்பா தானே விசாரித்து, தானே கூலி பேசிக்கொண்டு போனார். சாயங்காலம் சேற்றுக் காலோடு வந்தவர் கழுவக்கூடப் போகவில்லை. எழுநூறு ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணைக் கல்லில் உட்கார்ந்திருந்தார். அம்மா வந்து கையை நீட்டினார்.

"இருடி அத்தாயி, தரேன்" என்றார் அப்பா. "செத்த நேரம் எங்கிட்ட இருக்கட்டும்."

இப்படிக்கு
உங்கள் இலக்கியா